வாசல் கான்கிரீட் உட்கார்ந்துவிட்டதா? உடைக்கலாமா, கலவை ஏற்றித் தூக்கலாமா, ஃபோம் அடிக்கலாமா

போன வருடம் மே மாதம் அம்மா மதுரையிலிருந்து வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை, காலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவர் வாசல் நடைபாதையில் கால் தடுக்கிச் சாய்ந்துவிட்டார். நல்லவேளை, படிக்கட்டின் கைப்பிடிக் கம்பி கைக்கு எட்டியது. முழங்காலில் சிராய்ப்போடு போனது. குனிந்து பார்த்தால் ஒரு ஸ்லாப் அடுத்த ஸ்லாபைவிட ஒன்றேகால் இன்ச் இறங்கியிருந்தது. எட்டு வருடமாக நாங்கள் தினமும் தாண்டிப் போகிற இடம் அது, அந்த இடம் வந்தால் கால் தானாகவே கொஞ்சம் உயர்ந்துவிடும் என்பதால் எங்கள் கண்ணில் படவே இல்லை. அமெரிக்காவில் பொதுக் கட்டடங்களுக்கான விதிகளில், நடக்கும் தரையில் செங்குத்தான விளிம்பு கால் இன்ச்சுக்கு மேல் கூடாது என்று இருக்கிறது. எங்கள் வாசலில் இருந்தது அதைப்போல் ஐந்து மடங்கு.

மருந்து போட்டுக்கொண்டே அம்மா கேட்டார், "ஏம்ப்பா, தரை உக்காந்திருக்கே, அடியில இடிக்காமலே போட்டுட்டாங்களா?" அவர் சாதாரணமாகக் கேட்ட அந்தக் கேள்விதான் மொத்த விஷயமும் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது.

நான் இருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் புறநகர். அந்த ஒரு மாதத்தில் ஆறு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன், ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள், உடைத்துப் போடுகிறவர் உடைக்கத்தான் வேண்டும் என்றார், ஃபோம் (ஸ்லாபுக்கு அடியில் விரிந்து அதைத் தூக்கும் நுரை) அடிப்பவர் மட்ஜாக்கிங் (அடியில் கலவைக் கூழை ஏற்றித் தூக்குவது) எல்லாம் பழைய காலத்து வேலை என்றார், மட்ஜாக்கிங்காரர் ஃபோமுக்குக் கொடுக்கிற பணம் தண்டம் என்றார். எல்லாம் கேட்டு, செய்து, ஒரு குளிர்காலமும் பார்த்தபிறகு எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஸ்லாப் உடையாமல் முழுசாக இறங்கியிருந்தால் பெரும்பாலான வீடுகளுக்கு மட்ஜாக்கிங் போதும். ஃபோம் சில இடங்களுக்கு நிஜமாகவே மேல். உடைத்துப் போடுவது கடைசி வழி. ஆனால் ஏன் இறங்கியது என்று தெரியாமல் இந்த மூன்றில் எதைச் செய்தாலும் பணம் மண்ணுக்குள்தான் போகும்.

மதுரையில் எங்கள் வீடு கட்டும்போது பேஸ்மட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி, தண்ணீர் கட்டி, திமிசு போட்டு இடித்து, இரண்டு நாள் விட்டு, மறுபடி கொட்டி இடித்தார்கள். இங்கே மிச்சிகனில் வீட்டுக்கு அடியிலேயே எட்டடி ஆழத்துக்கு ஒரு நிலவறை தோண்டுகிறார்கள். வெளியே ஆள் நின்று வேலை பார்க்க வேண்டுமே என்று சுவரைத் தாண்டி இன்னும் சில அடி தோண்டுவார்கள், சுவர் முடிந்ததும் அதே மண்ணை மெஷினால் தள்ளி மூடிவிடுவார்கள். அடுக்கு அடுக்காகக் கொட்டி இடித்தால் பிரச்சினையே இல்லை, ஆனால் அந்தப் பொறுமை எல்லா பில்டருக்கும் இருப்பதில்லை. அப்படித் தள்ளிய மண் வருடக்கணக்கில் தானாக உட்காரும். அதன் மேலேதான் வாசல் நடை, கராஜ் முன்னால் டிரைவ்வேயின் (கார் வந்துபோகும் பாதை) முதல் ஸ்லாப், பின்பக்கத்துப் பேட்டியோ (திறந்த முற்றம்) எல்லாம் இருக்கின்றன. எங்கள் தெருவில் நடந்து பார்த்தேன், வீட்டை ஒட்டிய ஸ்லாப் இறங்கியிருக்கும், தெருவை ஒட்டிய ஸ்லாப் மட்டமாக இருக்கும். வீட்டுக்கு வீடு இதே கதை.

அடுத்த காரணம் தண்ணீர். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு இன்ச் மழை பெய்தால் 620 கேலனுக்கு மேல் தண்ணீர். அது முழுவதும் இரண்டு மூன்று குழாய் வழியாக இறங்குகிறது. அந்தக் குழாய் சுவரோரத்திலேயே முடிந்தால் ஸ்லாபுக்கு அடியில் இருக்கும் மண்ணைத்தான் முதலில் கரைக்கும். எங்கள் பக்கம் களிமண், கோடையில் காய்ந்து சுருங்கும், மழையில் ஊறி உப்பும், பனிக்காலத்தில் உறைந்து தூக்கும். அஸ்திவாரத்தை 42 இன்ச் ஆழத்துக்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது இங்கே விதி, ஏனென்றால் உறைவு அவ்வளவு ஆழம் போகலாம். நடைபாதை ஸ்லாபோ தரைமேலேயே கிடக்கிறது. இவை போக, ஸ்லாபுக்கு அடியில் சிப்மங்க் (அணில்போல ஒரு சின்னப் பிராணி) வளை தோண்டுவது, கழிவுநீர்க் குழாய் ஒழுகுவது, வெட்டிய மரத்தின் வேர் மக்கிக் குழியாவது என்று சில உண்டு. கலவை, ஃபோம் எதுவும் உறைவைத் தடுக்காது. தண்ணீரை வெளியே அனுப்புவது மட்டும்தான் ஓரளவு தடுக்கும்.

அதனால் யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நல்ல மழையில் குடையோடு வெளியே போய் அரைமணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்த இடுக்கில் காணாமல் போகிறது என்று பாருங்கள். நான் பார்த்தபோது வடகிழக்கு மூலைக் குழாயிலிருந்து வந்த தண்ணீர் நடைபாதைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அரை இன்ச் இடைவெளியில் சத்தமே இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் ரசமட்டத்தை வைத்தேன். வாட்டம் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்தது. சுத்தியல் கைப்பிடியால், டைல்ஸ் ஒட்டியபிறகு கொத்தனார் தட்டிப் பார்ப்பாரே, அதேபோல் தட்டிக்கொண்டே போனேன். தெருப்பக்கம் கெட்டிச் சத்தம், வீட்டுப்பக்கம் பானையைத் தட்டுகிற சத்தம். ஓரத்து மண்ணைக் கிளறிவிட்டு இஞ்ச் டேப்பை உள்ளே விட்டால் 14 இன்ச் தடையில்லாமல் போனது. அடியில் இரண்டு இன்ச் உயரத்துக்கு வெறும் காற்று. ஸ்லாப் பாலம்போல நின்றுகொண்டிருந்திருக்கிறது, அதன் மேல்தான் தினமும் குழந்தைகள் சைக்கிள் ஓட்டினார்கள்.

இந்த வாட்டம் விஷயத்தைத் தடுக்கி விழுவதைவிடப் பெரிதாகவே நினைக்கிறேன். சுவரை ஒட்டிய பத்தடிக்குள் கான்கிரீட் இருந்தால் அது குறைந்தது இரண்டு சதவீதம், அதாவது அடிக்கு ஏறக்குறைய கால் இன்ச், வீட்டைவிட்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும் என்று கட்டட விதி சொல்கிறது. திரும்பிவிட்டால் அந்தத் தண்ணீர் நேராக நிலவறைச் சுவரைத் தேடிப் போகும். அந்தச் சுவருக்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்யும் செலவோடு பார்த்தால் ஸ்லாபைத் தூக்கும் செலவு ஒன்றுமே இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

விளிம்பை மட்டும் தேய்த்துவிடுவது ஒன்று. அரை இன்ச் வித்தியாசம், வாட்டமும் சரியாக இருக்கிறது என்றால் கிரைண்டர் போட்டுச் சரிவாகத் தேய்த்துவிடலாம், மலிவு. தேய்த்த இடத்தில் ஜல்லி தெரியும், அவ்வளவுதான். இன்னொன்று, இறங்கிய ஸ்லாபின் மேல் புதுக் கலவை பூசி மட்டமாக்குவது. பனி விழும் ஊரில் இதைச் செய்யவே வேண்டாம். ஓரத்தில் காகிதம்போல மெல்லிசாக முடிகிற பூச்சு ஒரு குளிர்காலம் தாங்குவதே அபூர்வம், அடியில் இருக்கும் பள்ளம் அப்படியே இருக்க, ஸ்லாபுக்குக் கூடுதல் பாரம் வேறு.

உடைத்துப் புதிதாகப் போடுவதுதான் நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது. புதுசாகப் போட்டால் நிம்மதி என்று நினைக்கிறோம். ஸ்லாப் மூன்று நாலு துண்டாக உடைந்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, உப்பு போட்டுப் போட்டு மேல்தோல் உரிந்து ஜல்லி பெயர்ந்துகொண்டிருந்தாலோ அதுதான் சரி, அந்த ஸ்லாபைத் தூக்கி நிறுத்தி என்ன பயன்? ஆனால் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கராஜ் முன்னால் இரண்டு ஸ்லாபை உடைத்துப் புதிதாகப் போட்டார்கள். மூன்றே வருடத்தில் அதே இடத்தில் அதே பக்கம் இறங்கிவிட்டது. பழைய கான்கிரீட்டை அள்ளிவிட்டு, அதே தளர்ந்த மண்மேல் கொஞ்சம் மணலை இழுத்துவிட்டுப் போட்டிருந்தார்கள். அம்மாவின் கேள்வி எனக்கு அங்கேதான் உறைத்தது. ஆகவே புதிதாகப் போடுபவரிடம் கான்கிரீட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அதன் அடியைப் பற்றிக் கேளுங்கள். தளர்ந்த மண்ணை எவ்வளவு ஆழம் எடுப்பீர்கள், உடைத்த ஜல்லி (இங்கே 21ஏஏ என்று சொன்னால் புரியும்) எத்தனை இன்ச் போடுவீர்கள், மெஷின் வைத்து எத்தனை அடுக்காக இடிப்பீர்கள், கராஜ் தரையோடு கம்பி வைத்துப் பிணைப்பீர்களா. அப்புறம் கான்கிரீட்: குளிர்ப் பிரதேசத்துக்கு 4,000 பிஎஸ்ஐ (சதுர இன்ச்சுக்கு இத்தனை பவுண்டு) வலு, நுண்காற்றுக் குமிழி சேர்த்த கலவை. ஒரு வாரம் கார் ஏற்றக் கூடாது, முதல் குளிர்காலத்தில் உப்பு போடக் கூடாது. பழைய ஸ்லாபுக்கும் புதுசுக்கும் நிறம் பல வருடம் சேராது.

இப்போது மட்ஜாக்கிங். பெயர் புதிதாக இருந்தாலும் வேலை பழையது. 1930களிலேயே நெடுஞ்சாலைக் கான்கிரீட்டைத் தூக்க இதைப் பயன்படுத்தினார்கள், மில்வாக்கியில் இருந்த கோரிங் கம்பெனி விற்ற மெஷினின் பெயர்தான் மட்-ஜாக். ஸ்லாபில் ஒன்றரை முதல் இரண்டு இன்ச் அகலத்தில் சில துளைகள் போட்டு, அதன் வழியாக மண் அல்லது சுண்ணாம்புக்கல் பொடி, சிமெண்ட், தண்ணீர் கலந்த கூழைப் பம்ப் வைத்து உள்ளே தள்ளுவார்கள். முதலில் காலி இடம் நிரம்பும், அதற்கு மேல் போக வழியில்லாமல் ஸ்லாப் எழும்பும்.

இவ்வளவு கனமான கல்லை ஒரு கூழ் எப்படித் தூக்கும் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு இன்ச் ஸ்லாப் சதுர அடிக்கு ஏறக்குறைய 50 பவுண்டு. ஒரு சதுர அடியில் 144 சதுர இன்ச், ஆகச் சதுர இன்ச்சுக்கு மூன்றில் ஒரு பவுண்டுதான் அழுத்தம் வேண்டும். கார் டயரில் முப்பதுக்கு மேல் வைக்கிறோம். ஆகத் தூக்குவது கஷ்டமில்லை, எல்லா இடத்திலும் சமமாகத் தூக்குவதில்தான் கை வேண்டும்.

எங்கள் வீட்டில் மட்ஜாக்கிங் செய்த அன்று வந்தவர்கள் இரண்டே பேர். மூத்தவருக்கு அறுபது வயது இருக்கும். ஓரத்தில் நூல் கட்டினார், துளை போட்டார், குழாயை முதல் துளையில் வைத்து ஓடவிட்டார். சாம்பல் நிறக் கூழ் உள்ளே போகப் போக ஒன்றும் நடக்கவில்லை, ஐந்து நிமிடம் அப்படியே போனது, திடீரென்று ஸ்லாபுக்கும் படிக்கும் நடுவே இருந்த மண் பொருபொருவென்று உதிர்ந்தது, நூலுக்கும் கான்கிரீட்டுக்கும் இடைவெளி குறைந்தது. உடனே நிறுத்திவிட்டார். முழுதாக ஒரே துளையில் தூக்கவில்லை. அரை இன்ச் தூக்கினார், அடுத்த துளைக்குப் போனார், அங்கே அரை இன்ச், மறுபடி முதலுக்கு வந்தார், விட்ட துளையிலிருந்து கூழ் பொங்கினால் பூட்ஸ் குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டார். அவசரப்பட்டால் ஸ்லாப் நடுவில் முறிந்துவிடும் என்று மட்டும் சொன்னார். இரண்டு மணி நேரத்தில் முடிந்து, துளைகளைக் கலவையால் அடைத்து, தரையைக் கழுவிவிட்டார்கள். அன்று மாலையே அம்மா அதன்மேல் நடந்தார். கார் ஏற்ற ஒரு நாள் பொறுக்கச் சொன்னார்கள்.

குறைகளும் உண்டு. அடைத்த துளைகள் தெரியும். இட்லித் தட்டுக் குழிகள்போல வரிசையாக வட்டங்கள், வெளுத்த கான்கிரீட்டில் கருத்த புள்ளிகளாக. அடுத்தது கனம். கூழ் கன அடிக்கு 100 பவுண்டு போல இருக்கும். 20க்கு 20 அடி ஸ்லாபுக்கு அடியில் சராசரி இரண்டு இன்ச் நிரப்பினால் மூன்று டன்னுக்கு மேல் புது பாரம். உட்கார்ந்து முடித்த மண்ணுக்கு இது பொருட்டில்லை. இன்னும் உட்கார்ந்துகொண்டிருக்கும் மண்ணென்றால் நாமே அதை அழுத்துகிறோம். சிமெண்டைக் குறைத்து வெறும் சேற்றை ஏற்றினால், காய்ந்து சுருங்கும், தண்ணீர் ஓடினால் அரித்துக்கொண்டு போகும். பத்து வருடம் நிற்பதும் இரண்டு வருடத்தில் இறங்குவதும் பெரும்பாலும் இந்தக் கலவையில்தான் இருக்கிறது, ஆகவே என்ன கலக்கிறீர்கள், சிமெண்ட் எவ்வளவு என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நான் கேட்டபோது ஒருவர் அது தொழில் ரகசியம் என்றார். அவரை விட்டுவிட்டேன்.

ஃபோம் என்பது பாலியூரித்தேன். இரண்டு திரவங்களைச் சூடாக்கித் துளை வாயில் சேர்த்து உள்ளே அனுப்புவார்கள், சில நொடியில் நுரைத்துப் பல மடங்கு விரிந்து ஸ்லாபைத் தூக்கும், 15 நிமிடத்தில் பெரும்பாலும் இறுகிவிடும். துளை ஒரு இன்ச்சில் எட்டில் ஐந்து பங்குதான், இங்கத்திய பத்து சென்ட் (டைம்) நாணயத்தைவிடச் சின்னது. கனம் கன அடிக்கு இரண்டிலிருந்து நாலு பவுண்டு. மேலே சொன்ன அதே மூன்று டன் வேலையை இருநூறு முன்னூறு பவுண்டுக்குள் முடித்துவிடும். தண்ணீர் கரைக்காது. இவ்வளவு நல்லதென்றால் எல்லாவற்றுக்கும் இதையே செய்துவிடலாமே என்றால், முதலில் விலை. எங்கள் நடைபாதையும் டிரைவ்வேயின் இரண்டு ஸ்லாபும் சேர்ந்து 280 சதுர அடி. மட்ஜாக்கிங்குக்கு 1,150 டாலர் கேட்டார்கள், ஃபோமுக்கு 2,100, உடைத்துப் போட 4,200. பள்ளம் எவ்வளவு பெரிதோ ஃபோம் விலை அவ்வளவு ஏறும், ஏனென்றால் அவர்கள் அந்தத் திரவத்தைப் பவுண்டுக் கணக்கில் வாங்குகிறார்கள். பெரிய குழியை நிரப்பக் கூழ்தான் மலிவு. அடுத்து, ஃபோம் வேகமாக விரிவதால் கை தப்பினால் ஸ்லாப் வேண்டியதற்கு மேலே எழும்பிவிடும், எழும்பியதை இறக்குவது பெரிய பாடு. பின்னால் என்றாவது ஸ்லாபை உடைக்க வேண்டி வந்தால் அடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கையும் சேர்த்து அள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் நான் செய்தது இது. நடைபாதையும் டிரைவ்வேயும் மட்ஜாக்கிங். வீட்டுக்கு 22 வயது, மண் உட்கார்ந்து முடித்த வயது, ஸ்லாப்களில் விரிசல் இல்லை, பள்ளம் பெரிசு. பின்பக்கப் பேட்டியோவுக்கு மட்டும் ஃபோம். அதை ஐந்து வருடம் முன்னால்தான் போட்டோம், அடியில் சேர்த்த மண் புதுசு, பக்கத்தில் தண்ணீர் ஓடும் தாழ்வு வேறு. அங்கே டன் கணக்கில் பாரம் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கராஜ் கதவோரம் துண்டு துண்டாக உடைந்திருந்த ஒரு சின்னப் பகுதியை உடைத்துப் போட்டோம். மூன்று வழியும் ஒரே வீட்டில். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது, அவரவர் கையில் இருக்கும் மெஷினுக்கு ஏற்றபடிதான் அவரவர் யோசனை.

தூக்கவே முடியாத ஸ்லாப்களும் உண்டு. மரவேர் தள்ளி மேலே எழும்பிய ஸ்லாபைப் பம்ப் வைத்து இறக்க முடியாது. அஸ்திவாரச் சுவரோடு கம்பி வைத்துப் பிணைத்த ஸ்லாபைத் தூக்கப் போனால் முறியும். பக்கத்து ஸ்லாபோடு இடைவெளி இல்லாமல் இறுகிக் கிடந்தால் முதலில் அறுத்துவிட வேண்டும். தெருவோர நடைபாதை ஸ்லாபாக இருந்தால் கைவைக்கும் முன்னால் ஊராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். துளை போடுவதற்கு முன் 811 என்ற எண்ணுக்கு அழைத்து கேஸ், மின்சாரக் கோடுகளைக் குறிக்கச் சொல்வதும் அவசியம், அதற்குக் காசு இல்லை.

உத்தரவாதத்தை வரி வரியாகப் படியுங்கள். எங்களுக்கு வந்த தாள்களில் எல்லாம் மறுபடி இறங்கினால் மறுபடி தூக்கித் தருவோம் என்றுதான் இருந்தது, பணம் திரும்பி வராது, தண்ணீரால் இறங்கினால் பொறுப்பில்லை என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. தண்ணீரைத் தவிர வேறு எதனால் இறங்கப் போகிறது?

தூக்கி முடித்த அன்று வேலை முடியவில்லை. மறுநாள் நானே செய்தது இரண்டு. வடகிழக்கு மூலைக் குழாயோடு பத்தடி நீட்டல் குழாய் சேர்த்துப் புல்வெளிக்குக் கொண்டுபோனேன். சுவரோர இடைவெளியில் நுரைக் கயிற்றைத் திணித்து அதன்மேல் ஜாயிண்ட் சீலன்ட் ஊற்றினேன். இரண்டுக்கும் சேர்த்து எண்பது டாலர் ஆகவில்லை. இந்த ஏப்ரலில் பனி உருகியதும் அதே ரசமட்டத்தை அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். நடைபாதை அசையவில்லை. டிரைவ்வேயில் மட்டும் ஒரு மூலை எட்டில் ஒரு இன்ச் இறங்கியிருக்கிறது, அந்த மூலைக்கு நேர் மேலே கூரை விளிம்புத் தண்ணீர்க் கால்வாயில் ஒரு ஒட்டு கசிகிறது. ஏணி எடுத்து இந்த வாரம் அதை அடைக்க வேண்டும்.